தலைவியம்மா வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் ஊராட்சித் தலைவிகளுடைய கணவன்மார்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். முப்பத்தொரு வருஷம் சேரன்மகாதேவி வட்டாரத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவள் நான். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சிலருடைய மனைவிமார் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். முதலில் கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, மனசு ஆறின பிறகு மூன்றாவது முறையாக எழுதுவது இது. கடைசிவரை படித்துவிடுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சாமியானா போட்டு, மேசை, நாற்காலி, மைக் எல்லாம் வைத்திருந்தார்கள். நடுநாற்காலியில் தலைவி. அவருக்கு ஒட்டின நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எத்தனை மாசமாச்சு என்று வயதான ஒரு அம்மா எழுந்து கேட்டார். தலைவியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். மைக் வீட்டுக்காரர் கைக்குப் போனது. அடுத்து தெருவிளக்கு. அதற்கும் அவரே. நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் பாக்கி என்றார்கள். அதற்கும் அவரே. கடைசியில் தீர்மான நோட்டு வந்தபோதுதான் தலைவி குனிந்து பேனாவைப் பிடித்தார்.

அந்தத் தலைவி என் மாணவி. ஒன்பதாம் வகுப்பில் முதல் உலகப்போர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்கள் போர்முனைக்குப் போனதால் பெண்கள் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்கு வந்தார்கள் என்று சொன்னதும் கையைத் தூக்கினாள். "டீச்சர், சண்டை முடிஞ்சி ஆம்பளையாளுவ திரும்பி வந்த பொறவு அந்தப் பொம்பளையாளுவ என்ன ஆனாவ?" என்று கேட்டாள். போருக்குப் பின் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது என்று ஒரு வரி சொல்லி உட்காரவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சப் பதிலை இப்போது சொல்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியது. லட்சக்கணக்கான ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வேலை நிற்கவில்லை. டிராம் ஓட வேண்டும், பீரங்கிக் குண்டு செய்ய வேண்டும், பேங்கில் பேரேடு எழுத வேண்டும். பெண்கள் வந்தார்கள். வெடிமருந்து ஆலையில் டி.என்.டி.யைக் கையாண்ட பெண்களுக்குத் தோலும் முடியும் மஞ்சளாகிப் போயின. கானரி என்ற மஞ்சள் குருவியின் பேரை வைத்து அவர்களைக் கானரிப் பெண்கள் என்று ஊர் கூப்பிட்டது. அந்த மருந்து ஈரலைத் தின்கிற விஷம். அதில் செத்தவர்களும் உண்டு.

லண்டன் பஸ்களில் பெண் கண்டக்டர்கள் வந்தது அந்தப் போரில்தான். 1918 ஆகஸ்டில் ஆண்களுக்கு மட்டும் வாரத்துக்கு 5 ஷில்லிங் போர்க்காலப் படி என்று அறிவித்தார்கள். அதே பஸ், அதே டிக்கெட், அதே படிக்கட்டு. வில்லெஸ்டன் பணிமனைப் பெண்கள் வண்டியை எடுக்க மறுத்தார்கள். அது மற்றப் பணிமனைகளுக்கும் வெளியூர்களுக்கும் பரவியது. அந்த 5 ஷில்லிங் கிடைத்தது. வகுப்பில் நான் இதைச் சொன்னதே இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டுக்கு வருகிறேன். 1918 பிப்ரவரியில் சட்டம் வந்தது. சுமார் 84 லட்சம் பெண்களுக்கு ஓட்டு. பெரிய காரியம்தான், நாற்பது ஐம்பது வருஷப் போராட்டத்தின் பலன். ஆனால் அந்தச் சட்டத்தை நிதானமாகப் படித்தால் மனசு கனக்கிறது. ஆணுக்கு 21 வயது போதும், போரில் இருந்தவன் என்றால் 19 போதும். பெண்ணுக்கு 30 ஆக வேண்டும், அதோடு தனக்கோ கணவனுக்கோ வீடு, நிலம் என்று சொத்துத் தகுதியும் வேண்டும். போரில் இத்தனை ஆண்கள் செத்த பிறகு எல்லாப் பெண்களுக்கும் ஓட்டுக் கொடுத்தால் பெண் வாக்காளர்கள் எண்ணிக்கையில் மிஞ்சிவிடுவார்களே என்ற பயம். இருபது வயதில் ஆலையில் நின்று மஞ்சளான பெண்ணுக்கு அந்த ஓட்டு இல்லை. 1928இல்தான் 21 வயதுப் பெண்ணுக்கும் கிடைத்தது.

வேலை என்ன ஆயிற்று? 1919இல் ஒரு சட்டம் போட்டார்கள். போருக்கு முன்னால் தொழிற்சாலையில் என்ன வழக்கம் இருந்ததோ அதைத் திரும்பக் கொண்டுவரும் சட்டம். நேற்றுவரை நாட்டின் வீராங்கனை என்று பத்திரிகைகளில் பேர் வாங்கிய பெண், இன்றைக்கு ஒரு ஆம்பளையின் பிழைப்பைக் கெடுக்கிறவள் என்று பேச்சு வாங்கினாள்.

இரண்டாம் போரிலும் அதேதான். 1941 டிசம்பரில் பிரிட்டன் சட்டம் போட்டே கல்யாணமாகாத பெண்களைத் தேசப்பணிக்குக் கூப்பிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அரசே ஆயிரத்துக்கு மேல் காப்பகங்கள் திறந்தது. போர் முடிந்ததும் அவற்றில் ஏராளமானவை மூடப்பட்டன. நடுவில், 1944 மார்ச்சில் ஒன்று நடந்தது. ஒரு ஆசிரியையாக அதை என்னால் மறக்க முடியாது. ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சமச் சம்பளம் என்ற திருத்தம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 117க்கு 116 என்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. பிரதமர் சர்ச்சில் அதை விடவில்லை. தன் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி, இரண்டே நாளில் அதைத் தோற்கடிக்க வைத்தார். அந்த ஊர் ஆசிரியைகளுக்குச் சமச் சம்பளம் முழுசாக வந்து சேர 1961 ஆயிற்று.

போர் வந்தால் பெண்ணுக்கு உரிமை தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் பிரான்சைக் காட்டலாம். முதல் போரில் பிரெஞ்சுப் பெண்களும் ஆலைகளில் நின்றார்கள், வயலை உழுதார்கள். போர் முடிந்ததும் கீழவை அவர்களுக்கு ஓட்டுக் கொடுக்கச் சம்மதித்தது. மேலவை 1922இல் மறுத்துவிட்டது. 1944 வரை காத்திருந்தார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். என் ஆச்சி பத்தமடைக்குப் பக்கத்துக் கிராமம். கன்னடியன் கால் தண்ணீரில் முக்கால் கோட்டை விதைப்பாடு நிலம் தாத்தாவுக்கு இருந்தது. 1942இல் தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கி தூக்குகிற பட்டாளம் இல்லை. அஸ்ஸாம் பக்கம் ரோடு போட, பாலம் கட்ட, மூட்டை சுமக்க ஆள் எடுத்தார்களே, அந்தப் பயனியர் படை. அந்த வருஷம்தான் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய், ரங்கூன் அரிசி வருவது நின்றது. விலை ஏறியது, பிறகு ரேஷன் வந்தது. ஆச்சிக்கு அப்போது இருபத்து நாலு வயசு. மூன்று பிள்ளைகள், ஒன்று கைப்பிள்ளை.

அதுவரை வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனதோடு சரி. கார் போக நடவுக்கு ஆள் கூப்பிடுவது, பிசானப் போகத்துக்கு விதைநெல் ஒதுக்குவது, அறுப்பில் நெல்லாகக் கொடுக்கிற கொத்துக் கூலி அளப்பது எல்லாம் ஒரே நாளில் அவள் தலையில் வந்து விழுந்தது. அத்தனையிலும் கஷ்டம் தண்ணீர் முறை. முறை பெரும்பாலும் ராத்திரியில் வரும். அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக மடையில் நிற்க வேண்டும். கொஞ்சம் கண்ணசந்தால் தண்ணீர் வேறு வயலுக்குத் திரும்பிவிடும். முதல் முறைக்குக் கொழுந்தனை அனுப்பினாள். பாதி வயல்தான் நனைந்தது. அடுத்த முறைக்குத் தானே போனாள். "பொட்டச்சி ராத்திரியில வயக்காட்டுல நிக்கா" என்று ஊர் பேசியது. முதலில் பேசியது மாமியார்தான். பிறகு அதே மாமியார் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடைக்குத் துணையாக வந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமே.

மாசாமாசம் பட்டாளத்திலிருந்து மணியார்டர் வரும். முதல் தடவை கைநாட்டு வைத்தாள். விரலில் பட்ட மை மூன்று நாள் போகவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். கையைக் கையைப் பார்த்து அழுதிருக்கிறாள். மூத்த மகனின் சிலேட்டை வாங்கித் தன் பேரை எழுதிப் பழகினாள். நாலாவது மணியார்டருக்குக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு நோட்டு வாங்கிக் கணக்கு எழுத ஆரம்பித்தாள். அந்த நோட்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மாட்டு வாடகை, நடவுக் கூலி, விதை எத்தனை மரக்கால், எந்த ராத்திரி யாருக்கு முறை, எல்லாம் கோணல் எழுத்தில். பிள்ளையார் கோயில் முன்னால் தண்ணீர் முறை பேசுகிற கூட்டம் நடக்கும். முதல் வருஷம் தூணோரமாக நின்றாள். இரண்டாம் வருஷம் உட்கார்ந்தாள். மூன்றாம் வருஷம், முறைக் கணக்கில் சந்தேகம் வந்தால் "அந்த நோட்டைக் கொண்டா" என்று அவளைக் கேட்டார்கள்.

1946இல் தாத்தா திரும்பி வந்தார். தாத்தா கெட்ட மனுஷர் இல்லை. ஆச்சியை ஒரு வார்த்தை வைது நான் கேட்டதில்லை. வந்த அன்றைக்குச் சாயங்காலம் அந்த நோட்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, "பாவம், நாலு வருஷம் கஷ்டப்பட்டுட்ட. இனி நீ நிம்மதியா வீட்டுல இரு" என்று சொன்னாராம். பிரியமாகத்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அவர் போய் உட்கார்ந்தார். ஆச்சி அரங்கு வீட்டுக்கும் அடுக்களைக்கும் திரும்பினாள். சில வருஷம் கழித்து ஒரு தண்ணீர்த் தகராறில் பழைய முறை எது என்று தாத்தாவுக்கு ஞாபகம் வரவில்லை. ஆச்சி கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். தாத்தா சொன்னதாக எழுதிக்கொண்டு போனார்கள். நிலத்தின் பட்டா தாத்தா பேரில் இருந்தது, பிறகு என் மாமா பேருக்குப் போனது. ஆச்சி பேர் அந்தப் பத்திரங்களில் எங்கேயும் வரவில்லை.

அவளுக்கு மிஞ்சியது கையெழுத்து. இன்னொன்றும் கிடைத்தது, ஓட்டு. 1951, 52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அவள் ஓட்டுப் போட்டாள். அந்தத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது நாட்டில் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றுதான் சொன்னார்கள். பெரும்பாலும் வடமாநிலங்களில். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படி எழுத முடியாது என்று சொல்லி, பேர் சொல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார். கொடுமையான முடிவாகப் பலருக்குத் தோன்றியது. அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். உங்கள் ஊர்களில் சில வீட்டு வாசலில் தொங்குகிற பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 28 லட்சம் பெண்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பலகையில் தலைவியின் பேர் சின்ன எழுத்தில், கணவரின் போட்டோ பெரிதாக.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நம் பெண்கள் செய்ததைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்தன. விடியுமுன் பால்வெட்டப் போய், லயம் என்ற வரிசை வீட்டில் சோறாக்கி, தோட்டத்துரைக்கும் கங்காணிக்கும் பயந்து வாழ்ந்த பெண்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார். ஜான்சி ராணிப் படை அப்படி உருவானது. அதை நடத்தியவர் லட்சுமி சுவாமிநாதன், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர். அவர் கூப்பிட்டதும் வந்தவர்களில் பெரும்பகுதி இந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் பாதிப்பேர். கோலாலம்பூரில் ஜானகி என்ற பதினெட்டு வயதுப் பெண் காதுத் தோட்டைக் கழற்றிப் படைநிதிக்குக் கொடுத்துவிட்டுப் படையிலும் சேர்ந்தார்.

அவர்களுக்குச் சீருடை கொடுத்தார்கள். துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி எல்லாம் பழக்கினார்கள். வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சேலை மட்டும் கட்டிப் பழகிய பெண் கால்சட்டை போட்டு அணிவகுத்தாள். பர்மாவரை போனார்கள். பெரிய சண்டை எதிலும் அவர்களை இறக்கவில்லை, பின்வாங்குகிறபோது இருவர் உயிரிழந்தார்கள். படைத்தளபதியான லட்சுமிக்கு, போஸ் அமைத்த ஆசாத் ஹிந்த் அரசில் மந்திரிப் பதவியும் இருந்தது. போர் முடிந்தது, படை கலைந்தது. லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தே வாழ்ந்தார், 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார், 97 வயதில் 2012இல் இறந்தார். ஜானகி மலேசியாவில் அரசியலுக்கு வந்து நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஆனார். மற்றப் பெண்கள்? அவர்களில் பெரும்பாலோர் சீருடையைக் கழற்றிவிட்டு அதே லயத்துக்கு, அதே பால்வாளிக்குத் திரும்பினார்கள். என் மாணவி கேட்டாளே, அந்தக் கேள்விக்கு இங்கேயும் அதே பதில்தான்.

போரை நான் புகழ்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தத் தோட்டங்களிலிருந்துதான் ஜப்பான்காரன் தமிழ் ஆண்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போனான். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பொறுப்பு பெண்ணின் தலையில் விழுந்ததற்குப் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன. நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழ் அம்மாக்களைக் கேளுங்கள், ஆணில்லாத வீட்டைச் சுமப்பது எப்படி என்று அவர்கள் சொல்வார்கள். இன்னொரு கசப்பான விஷயமும் உண்டு. போர்க்காலத்தில் நிலக்கரி தட்டுப்பட்டதும், 1943இல், சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்றிருந்த தடையை நம் நாட்டு அரசு நீக்கியது. அகில இந்திய மாதர் மாநாடு எதிர்த்தது. 1946இல் தடை திரும்ப வந்தது. பெண்ணை உள்ளே அனுப்பியபோதும் யாரும் அவளைக் கேட்கவில்லை, வெளியே அனுப்பியபோதும் கேட்கவில்லை. நாட்டுக்குத் தேவைப்பட்டாள், தேவை தீர்ந்தது. அதற்கு உரிமை என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்படியென்றால் எது மிஞ்சியது? நான் பார்த்தவரை, ஆண்கள் திரும்பி வந்த பிறகும் பெண் கையில் நின்றது, எழுத்தில் சட்டமாகப் பதிந்தது மட்டும்தான். முதல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1917இல், சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் ஓட்டுக் கேட்டார்கள். 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக, பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. சொத்துள்ள சிலருக்குத்தான். இருந்தாலும் அதைப் பிறகு யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை. அரசியல் சட்டம் வந்தபோது ஆச்சி மாதிரிப் பட்டா இல்லாத பெண்ணுக்கும் அது விரிந்தது.

உங்கள் வீட்டு நாற்காலி அந்த வரிசையில் வந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றது. 1996இல் தமிழ்நாட்டில் அதன்படி தேர்தல் நடந்தது. 2016இல் நம் மாநிலம் அதைப் பாதியாக உயர்த்தியது. 2021 அக்டோபரில் நம் இரண்டு மாவட்டங்களிலும் நடந்த தேர்தலில் உங்கள் வீட்டம்மா அந்த இடத்தில் நின்று ஜெயித்தார். இதற்காக யாரும் போருக்குப் போகவில்லை, யாரும் சாகவில்லை. ஆச்சி உட்கார்ந்தது தாத்தா இல்லாத இடத்தில். உங்கள் மனைவிக்குக் கிடைத்திருப்பது அவர் பேருக்கே எழுதின இடம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர் அதில் உட்காரலாம். என் ஆச்சிக்குக் கிடைக்காதது அதுதான்.

நீங்கள் சொல்கிற காரணங்களையும் கேட்டிருக்கிறேன். "தேர்தல் செலவு நான் செய்தது." உண்மைதான், செய்தீர்கள். ஊர் ஓட்டுப்போட்டது அவர் பேருக்கு. "அவளுக்கு பி.டி.ஓ. ஆபீஸ் நடைமுறை தெரியாது." உங்களுக்கும் முதல் நாள் தெரியாது. ஆச்சிக்கு மடை திறக்கத் தெரியாது. இரண்டாவது முறையில் தெரிந்துகொண்டாள், ஏனென்றால் அவளே போனாள். "அவளுக்கு எதுக்கு அலைச்சல்" என்பது உங்களில் பலர் சொல்கிற வார்த்தை. பிரியத்தில்தான் சொல்கிறீர்கள் என்று நம்புகிறேன். 1946இல் தாத்தா சொன்னதும் அதே வார்த்தை. அந்தப் பிரியம் ஆச்சியிடமிருந்து என்ன வாங்கிக்கொண்டது என்பதை, அவள் சாகிறதுக்கு முந்தின வருஷம் அந்த நோட்டை என் மடியில் வைத்து, "இது நான் எழுதினதுட்டி" என்று சொன்னபோது பார்த்தேன். சொன்னது அவ்வளவுதான். "நான்" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் ஓங்கியது.

பாதுகாப்பு என்ற காரணத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். நம் சீமையில் அதற்கு இடமிருக்கிறது. தாழையூத்து ஊராட்சித் தலைவியாக இருந்த கிருஷ்ணவேணி, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண், தானே முடிவெடுத்து வேலை செய்தார். 2011 ஜூனில் ஒரு ராத்திரி அவரை வெட்டினார்கள். உடம்பெல்லாம் காயத்தோடு பிழைத்து எழுந்தார். பட்டியல் சமூகத் தலைவிகளுக்கு வீட்டுக்காரரைவிட ஊர்ப் பெரிய கைகளால் வருகிற தடை பெரிது என்பதும் எனக்குத் தெரியும். நாற்காலியே கொடுக்காமல் நிற்கவைத்த இடங்களைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட ஊர்களில் கணவர் கூட நிற்பது கடமை. வண்டியில் கூட்டிப்போங்கள், வாசலில் காத்திருங்கள், மிரட்டுகிறவன் முன்னால் அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பேசுகிறது அவராக இருக்கட்டும். ராத்திரி மடைக்குத் துணைபோன என் ஆச்சியின் மாமியார் பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டாள். மண்வெட்டியைப் பிடுங்கவில்லை.

உங்களில் நன்றாக நடந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். களக்காடு பக்கம் ஒருவரைத் தெரியும். மனைவி கூட்டத்துக்குப் போகிற நாளில் இட்லி அவிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, மாமியாருக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. இரண்டு வருஷத்தில் அந்த ஊர்த் தெருக்களில் குடிநீர்க் குழாய் வந்ததும் கேலி நின்றது. அவர் மாதிரிச் செய்யுங்கள் என்றுதான் மற்றவர்களைக் கேட்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தலைவியின் போனை அவர் கையில் கொடுங்கள், ஊர்க்காரர் கூப்பிட்டால் அவர் எடுக்கட்டும். வாசல் பலகையில் அவர் பேரைப் பெரிதாக எழுதுங்கள். காசோலையில் கையெழுத்து வாங்குமுன் அது எதற்கு என்று அவர் கேட்கட்டும், கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். டிஜிட்டல் கையொப்பச் சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தால் இன்றைக்கே எடுத்து அவர் அலமாரியில் வையுங்கள். நீங்கள் கற்ற நடைமுறை எல்லாவற்றையும் அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், கணக்கு, திட்டம், எந்த ஆபீசில் யாரைப் பார்ப்பது என்று. பிறகு விட்டுவிடுங்கள். தப்புச் செய்வார். நாமும் செய்துதான் கற்றோம். கிராம சபையில் மேடையில் உட்காராதீர்கள். வருஷத்தில் குடியரசு நாள் தொடங்கி உள்ளாட்சி நாள்வரை ஆறு கூட்டம்தான். அந்த ஆறு நாளும் கீழே எங்களோடு உட்காருங்கள்.

வருகிற கூட்டத்துக்கு நான் வருவேன். முன்வரிசையில் இருப்பேன். அந்தத் தொட்டிக் கேள்வியை இந்த முறை நானே எழுந்து கேட்பேன். என் மாணவி பதில் சொல்லட்டும். "தெரியல டீச்சர், பாத்துச் சொல்லுதேன்" என்று சொன்னாலும் சரி, அவள் வாயால் வரட்டும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு வைக்கிறேன். நீங்கள் அங்கே வந்து உட்காருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
சேரன்மகாதேவி வட்டாரம்